மூலப் பத்திரமும் சிவப்பு ரப்பர் ஷீட்டும்

சபைக் காரியதரிசி வேலைக்குச் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. ஆனால் போலீஸ் வந்தாலும் வக்கீல் நோட்டீஸ் வந்தாலும் முதலில் தட்டுவது அவள் வீட்டுக் கதவைத்தான்.

உங்களில் யாராவது ஒரு சபைக்கோ, பஜனை மடத்துக்கோ, மாதர் சங்கத்துக்கோ செக்ரட்டரியாக இருந்து அவதிப்பட்டிருந்தால் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். மற்றவர்களுக்கு இதெல்லாம் புரியாது. "பிரசங்கம் பண்ற ஐயாவுக்குத்தானே பொறுப்பு, உனக்கென்ன?" என்பார்கள். கையெழுத்துப் போட்டவருக்கு என்னவென்று கையெழுத்துப் போட்டவருக்குத்தான் தெரியும். சின்னவள் தூங்கிவிட்டாள். தொட்டில் கயிற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் எழுதுகிறேன். எழுத்து கோணினால் மன்னித்துவிடுங்கள். எனக்குக் கையெழுத்துப் பழக்கிய கான்வென்ட் சிஸ்டர்கள் பார்த்தால் மன்னிக்க மாட்டார்கள்.

எப்படி மாட்டினேன்

எங்கள் சபை தாம்பரத்துக்குக் கிழக்கே கேம்ப் ரோடு பக்கம் ஏரியோரமாக ஒரு கீற்றுக் கொட்டகையில் ஆரம்பித்தது. ரயில்வேக்காரர்கள், பள்ளிக்கூட டீச்சர்கள், சானடோரியம் நர்ஸ்கள் என்று மாதச் சம்பளக்காரர்கள்தான் எல்லாரும். பழைய காரியதரிசிக்கு விழுப்புரத்துக்கு மாற்றல் வந்தது. வேறு ஆளைத் தேர்ந்தெடுக்கக் கூட்டம் கூடினார்கள். என் மூத்தவன் அப்போது கைக்குழந்தை. பாலுக்கு அழுதான் என்று வெளியே தூக்கிக்கொண்டு போனேன். பசியாற்றித் திரும்பி வருவதற்குள் கை தட்டுகிறார்கள். யாருக்கு என்று பார்த்தால் எனக்கு!

"கான்வென்டில் படித்த பெண், இங்கிலீஷில் லெட்டர் போடும்" என்று யாரோ சொன்னார்களாம். எங்கள் பாஸ்டர் சற்குணம் ஐயா உடனே ஜெபித்து முடித்துவிட்டார். ஜெபம் முடிந்த தீர்மானத்தை எதிர்க்க யாருக்குத் தைரியம் வரும்? எனக்கோ தபால்காரர் மணியடித்தாலே நெஞ்சு படபடக்கும். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம், "நான் உள்ளே இருந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்" என்று அழுதேன். ரயில்வே யூனிபாரத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "இருந்திருந்தா மட்டும் சொல்லியிருப்பியா? அதுக்கும்தானே உனக்குப் பயம்!"

மைக் லைசென்ஸ்

கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்கு ஒலிபெருக்கி வைக்கப் போலீஸ் அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பத்தில் "பொறுப்பாளர் பெயர்" என்று ஓர் இடம் இருந்தது. ஐயா பேனாவை என்னிடம் நீட்டினார். அனுமதித் தாளைப் பின்பக்கம்வரை படித்தேன். ஒன்பது மணிக்கு மேல் சத்தம் கேட்டால் பொறுப்பாளர் மீது நடவடிக்கை என்று போட்டிருந்தது. அன்றிலிருந்து கிறிஸ்துமஸ் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று பாட்டெல்லாம் நேரத்தோடு முடிந்தது. முடிவு ஜெபத்தை ஐயா ஆரம்பித்தார். அவர் ஜெபித்தால் தாம்பரத்தில் தொடங்கி உலகம் முழுக்கச் சுற்றித்தான் வருவார். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது. ஐயா இன்னும் ஆப்பிரிக்காவில் இருந்தார். நான் கண்ணைத் திறந்தேன், எழுந்தேன், போய் மைக் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். ஐயாவின் உதடு அசைகிறது, சத்தம் இல்லை. எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். திரும்பினால் வாசலில் சப் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நிறுத்தச் சொல்லலாம்னுதாம்மா வந்தேன். இந்த ஏரியாவுல சட்டத்துக்கு என்னைவிடப் பயப்படறவங்க ஒருத்தர் இருக்காங்கன்னு தெரியாம போச்சு."

ஒரே பூசணிக்காய்

அறுப்பின் பண்டிகை என்று பெயர். ஆனால் அறுக்க எங்களில் ஒருவருக்கும் வயல் இல்லை. மார்க்கெட்டில் வாங்கின காய்கறியைக் கொண்டுவந்து பீடத்தின்முன் வைத்து, அதையே ஏலம் விட்டு, அந்தப் பணத்தைக் கட்டட நிதியில் சேர்ப்போம். ஏலத்தில் எடுத்தவர் பொருளை மறுபடியும் சபைக்கே கொடுப்பார். மறுபடியும் ஏலம் போகும். இதில் ராஜா காண்ட்ராக்டர் ஞானமுத்து அண்ணன். சேலையூர் காலனிகளில் பாதி வீடு அவர் கட்டியது. ஒரு பூசணிக்காயை எடுப்பார், திருப்பிக் கொடுப்பார், தானே மறுபடி கூடக் கேட்டு எடுப்பார். ஒவ்வொரு தடவையும் அவர் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நல்ல மனுஷர். பெயர் மட்டும் காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும்.

அந்த வருஷம் வேலியோரமாக நின்று வேடிக்கை பார்த்த ஒருவர் என்னைக் கூப்பிட்டார். எங்கள் காலனிக்காரர்தான். விற்பனை வரி ஆபீஸில் வேலை. "ஏம்மா, ஒரே காயை எத்தனை தரம் வித்தீங்க? ஒவ்வொண்ணும் ஒரு சேல்ஸ் ஆச்சே?" என்றார். விளையாட்டாகக் கேட்டாரோ நிஜமாகக் கேட்டாரோ, எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆனால் இந்தப் பயத்தை எதிர்பார்த்து நான் முன்னாலேயே பயந்திருந்தேன். எல்லா ரசீதிலும் "விலை" என்று எழுதாமல் "காணிக்கை" என்று எழுதியிருந்தேன். எடுத்துக் காட்டினேன். அவர் ரசீதையும் பார்த்தார், மேஜைமேல் உட்கார்ந்திருந்த பூசணிக்காயையும் பார்த்தார். "போங்கம்மா, காய் இன்னும் இங்கேயேதான் உக்காந்திருக்கு. வித்ததுன்னு நான் எப்படி எழுதறது?"

கல்லுக்குள் போனது

கட்டட நிதி சேர்ந்து, கொட்டகை இருந்த மனையையே விலைக்கு வாங்கினோம். கிரயப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் ஞானமுத்து அண்ணன். அஸ்திவாரக் கல்லைக் கொடுத்தவரும் அவரே. கறுப்புக் கல்லில் தங்க எழுத்து. கர்த்தரின் நாமம் மேலே, ஐயாவின் பெயர் நடுவில், "உபயம் காண்ட்ராக்டர் ஞானமுத்து" கீழே. மூன்றில் எது பெரிய எழுத்து என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அஸ்திவாரக் கல்லுக்குப் பின்னால் ஒரு குழி விட்டு, அதில் வேதப் புத்தகமும் அன்றைய செய்தித்தாளும் புது நாணயங்களும் வைத்து மூடுவது எங்கள் வழக்கம். ஐயாவுக்கு ஓர் ஆசை வந்தது. மூலப் பத்திரத்தையும் அதற்குள்ளேயே வைத்துவிட வேண்டும் என்றார். அது அதுவரை அவர் வாடகை வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. கூரை வீடு, கரையான், திருடன் என்று அவருக்கும் ஒரு கவலை. நான் பாங்கு லாக்கர் என்று சொல்லிப் பார்த்தேன். "கர்த்தருடைய மனைக்குக் கர்த்தருடைய சுவரைவிட நல்ல லாக்கர் ஏது மகளே?" என்றார். கமிட்டி முழுக்க ஆமென் சொல்லிவிட்டது.

எனக்கு மனசு ஆறவில்லை. சுவரில் ஈரம் இறங்காதா? வீட்டுக்கு ஓடினேன். மூத்தவனுக்குப் படுக்கையில் விரித்த சிவப்பு ரப்பர் ஷீட் இருந்தது. ஆஸ்பத்திரியில் போடுவார்களே, அது. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தேன். பத்திரத்தை அதில் சுற்றி, நாடாவால் கட்டி, மடிப்பெல்லாம் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினேன். பொட்டலத்தைப் பிஸ்கட் டின்னில் வைத்தோம். சபையே சிரித்தது. ஞானமுத்து அண்ணன்தான் சத்தமாகச் சொன்னார்: "சபைச் சொத்துக்கு மூத்திரத் துணியா சுத்தறீங்க, செக்ரட்டரியம்மா?"

மூன்று ஓலை

எங்களில் கல்யாணத்துக்குமுன் மூன்று ஞாயிறு ஆராதனையில் "ஓலை" வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று. முறைப்படி செய்யாத விவாகத்துக்குக் குருவானவரே பதில் சொல்ல வேண்டிவரும் என்பது சட்டம். கல்லை வைத்து இரண்டு மழைக்காலம் போனபின் ஞானமுத்து அண்ணனின் தம்பிக்குக் கல்யாணம் கூடியது. தம்பிக்குப் பம்பாயில் வேலை, லீவு கொஞ்சம்தான். அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை காலை ஆராதனைல ஒண்ணு, ஓய்வுநாள் பள்ளியில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. மூணு ஆச்சா? ஓலை மூணுதானே கேக்குது?"

ஐயா இளகிவிட்டார். யாராவது நேரில் வந்து கேட்டால் அவர் இளகிவிடுவார். நான் ஐயாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மூன்று வாசிப்பு இல்லை அண்ணா, மூன்று ஞாயிறு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை கொஞ்சம் கேட்டது. நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால் கூண்டில் நிற்பவர் பாஸ்டர் ஐயா என்றும் சொன்னேன். கல்யாணம் வேறொரு சபைக்குப் போயிற்று. போகுமுன் அண்ணன் என்னிடம் கேட்டதை இன்னும் மறக்கவில்லை: "நான் இந்தச் சபைக்கு ஒரு கல்லே குடுத்திருக்கேன். நீங்க எனக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை குறைச்சுக் குடுக்க மாட்டீங்களா?"

சைக்கிளில் வந்தவர்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சின்னவள் பிறந்து நான்கு மாதம். ஒருநாள் காலையில் அவளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறேன், வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு கான்ஸ்டபிள். புகார் வந்திருக்கிறதாம். சபையின் மூலப் பத்திரத்தைக் கல்லுக்குள் வைப்பதுபோல் நாடகமாடி, நிஜப் பத்திரத்தை வெளியே அடகு வைத்துப் பணத்தைத் தின்றுவிட்டார்களாம். முதல் நபர் பாஸ்டர் சற்குணம். இரண்டாம் நபர் நான். யாருக்கும் தெரியாதபடி ரப்பர் ஷீட்டில் சுற்றி மறைத்தவளே நான்தானாம். புகார் கொடுத்தவர் பெயரைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

காலனியில் சிலர் நம்பவும் செய்தார்கள். அந்தச் சமயம் பார்த்துப் பணமில்லாமல் கட்டடம் ஜன்னலுக்கு மேல் லிண்டல் மட்டத்தில் நின்றிருந்தது. சப் இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். ஒரிஜினலைக் காட்டினால் புகாரை மூடிவிடுவேன், காட்டாவிட்டால் வழக்கு எழுதியே ஆகவேண்டும் என்றார். மைக் ஒயரைப் பிடுங்கினவள் என்று அவருக்கு என்மேல் ஒரு பிரியம் இருந்தது. ஆனால் பிரியத்தை வைத்துப் புகாரை மூட முடியுமா?

வழக்கு என்றால் கைது. கைது என்றால் சின்னவளுக்குப் பால்? இந்த ஒன்றுதான் இராப்பகலாக என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த என்னைச் சிரிக்கவைக்க நினைத்து, என் வீட்டுக்காரர் ஒன்று சொன்னார்: "கவலைப்படாதே, கைக்குழந்தையைக் கூடவே அழைச்சுட்டுப் போகலாமாம். விசாரிச்சுட்டுத்தான் வந்தேன்."

செங்கல்பட்டு வண்டிக்குமுன்

கேம்ப் ரோட்டில் ராகவன் வக்கீல் இருக்கிறார். தினமும் செங்கல்பட்டு கோர்ட்டுக்கு ரயிலில் போகிறவர். ஐயாவும் நானும் விடிந்ததும் போய் நின்றோம். அவர் வீட்டம்மா ஒன்றும் கேட்காமல் சின்னவளை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். வக்கீல் நெற்றிக்கு இட்டுக்கொண்டே எல்லாம் கேட்டார்.

நான் ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். ரிஜிஸ்டர் ஆபீஸில் நகல் வாங்கலாமே? "வாங்கலாம்மா. ஆனா நிலம் உங்களோடதுன்னுதான் அது சொல்லும், அடகு வெக்கலைன்னு சொல்லாது." வில்லங்கச் சான்று? "அதுலயும் வராது. பத்திரத்தைக் கையில குடுத்துக் கடன் வாங்கினா எந்த ஆபீஸ்லயும் பதியறதில்லே. மூலப் பத்திரம் உங்க கையில இருக்குன்னு காட்டணும். வேற வழியே கிடையாது." ஐயா மெல்ல, "அது சுவருக்குள் இருக்கிறது" என்றார். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கட்சிக்காரா பத்திரத்தைத் தொலைச்சுப் பார்த்திருக்கேன், கொளுத்திப் பார்த்திருக்கேன். சுவத்துல வெச்சுப் பூசிட்டு வந்தவாளை இப்பத்தான் பாக்கறேன்!"

அப்போஸ்தலரும் கைக்குழந்தையும்

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக் கூட்டம். கல்லை எடுக்கலாமா கூடாதா? இதற்கு இவ்வளவு சண்டை வரும் என்று நான் நினைக்கவில்லை. ஜெபம் பண்ணி வைத்த கல்லை ஒரு அவதூறுக்காகப் பெயர்ப்பது அவிசுவாசம் என்றார்கள் பாதிப் பேர். மற்றப் பாதி வாய் திறக்கவில்லை. அவர்களுடைய பயம் வேறு. எனக்கும் அதே பயம்தான். இரண்டு மழைக்காலம், ஏரிக்கரை மண், தகர டின். திறந்தால் உள்ளே பத்திரம் இருக்குமா, இல்லை ஒரு பிடி கூழ்தான் இருக்குமா? கூழாக இருந்தால் அடகு வைத்ததற்கு அதுவே அத்தாட்சி ஆகிவிடாதா?

ஐயா எழுந்தார். கல்லைத் தொட வேண்டாம், நான் ஜெயிலுக்குப் போகிறேன் என்றார். முகத்தில் ஒரு துளி பயம் இல்லை. "அப்போஸ்தலர் போகாத ஜெயிலா?" என்றார். சொல்கிறேன் பாருங்கள், அந்த நிமிஷம் அவர் எங்கள் பாஸ்டர் என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை. அதே நிமிஷம் எனக்குக் கோபமும் வந்தது. சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். கூட்டத்தில் நின்று பேசியவள் இல்லை நான். "ஐயா, அப்போஸ்தலருக்குக் கைக்குழந்தை இல்லை" என்றேன்.

"நீங்கள் எங்களுக்காகப் போவீர்கள் என்று தெரியும். அதற்காக நாங்கள் உங்களை அனுப்பிவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டிருக்க முடியுமா? கல்லை எடுப்போம். உள்ளே இருப்பது நான் சுற்றினது. எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பின்னால் தூணோரம் நின்ற கோயில்பிள்ளை வேலை பார்க்கும் மாசிலாமணி அண்ணன் முன்னால் வந்தார். பம்மலில் தோல் ஷெட்டில் வேலை செய்துவிட்டு ஞாயிறுதோறும் மணியடிக்க வருபவர். கூட்டத்தில் அவரும் பேசினதில்லை. "இன்னாத்துக்கு இம்மாம் பேச்சு? கல்லு போனா வேற கல்லு கீது. ஐயா உள்ள போய்ட்டா வேற ஐயாவுக்கு எங்க போறது? கடப்பாறைய நான் எட்த்துகினு வரேன்."

கல்லும் புகாரும்

வேலைநாள் காலையில் கல்லைப் பெயர்க்க ஏற்பாடு. சப் இன்ஸ்பெக்டர் வந்தார், ராகவன் வக்கீல் அன்றைக்குக் கோர்ட்டுக்குப் போகாமல் வந்தார், சபையில் வேலைக்கு லீவு போட முடிந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். லீவு போட முடியாத நர்ஸ்கள் ராத்திரி டியூட்டி முடிந்து வெள்ளை உடுப்போடு வந்து நின்றார்கள். மாசிலாமணி அண்ணன் உளியை வைக்கப் போகிறார், ஸ்கூட்டர் சத்தம். ஞானமுத்து அண்ணன்.

"நிறுத்து! என் பேர் இருக்கிற கல்லை யாரைக் கேட்டு எடுக்கறீங்க?"

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் கத்தினார். அது எங்க அப்பா ஞாபகமா குடுத்த கல்லு, மகாபலிபுரத்துல ஆள் வெச்சு எழுத்து வெட்டினது, ஒரு மூலை உடைஞ்சாலும் சும்மா விட மாட்டேன் என்றார். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. அதுவரை எனக்கு அது வீண்பெருமையாகவே தெரிந்திருந்தது. உள்ளே ஒரு அப்பா இருந்தது அன்றுதான் தெரிந்தது. ஆனாலும் என் தோளில் சின்னவள் இருந்தாளே. சப் இன்ஸ்பெக்டர் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: "சார், புகாரும் உங்களுது, கல்லும் உங்களுது. ரெண்டுல எதை வாபஸ் வாங்கறீங்க?"

உள்ளே இருந்தது

அண்ணன் இரண்டையும் வாபஸ் வாங்கவில்லை. "எடுங்க. உடையாம எடுங்க" என்றார். மாசிலாமணி அண்ணன் கடப்பாறையைக் கீழே வைத்துவிட்டு, சிறு உளியால் நான்கு ஓரமும் குழந்தைக்கு நகம் வெட்டுவதுபோல் கொத்திக்கொண்டே வந்தார். வெயில் ஏறிற்று. கல் முழுசாக வெளியே வந்தது. ஞானமுத்து அண்ணனே ஒரு பக்கம் தாங்கி இறக்கினார்.

டின்னைக் கையில் எடுத்தால் மூடி செதில் செதிலாக உதிர்ந்தது. உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தது. செய்தித்தாள் களி. நாணயங்கள் பச்சை. வேதப் புத்தகத்தைக் கரையான் முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காகப் படித்துக்கொண்டு வந்து பாதியில் நிறுத்தியிருந்தது. நம்மில் பலர் அவ்வளவு தூரம்கூடப் போவதில்லை. அடியில், சேறு பூசிக்கொண்டு, என் மகனுடைய சிவப்பு ரப்பர் ஷீட்.

"சுத்துனவங்களே பிரிங்க" என்றார் சப் இன்ஸ்பெக்டர். குழந்தையைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தேன். என் வீட்டுக்காரரிடம் என்று நினைத்துத்தான் நீட்டினேன், வாங்கிக்கொண்டவர் பாஸ்டர் ஐயா. மெழுகை நகத்தால் சுரண்டினேன். நாடா அவிழ மாட்டேன் என்றது, பல்லால் கடித்தேன். ஷீட் மடிப்புக்கு மடிப்பு ஒட்டியிருந்தது. ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. கடைசி மடிப்பைத் திறந்ததும் முத்திரைத் தாள் மொரமொரவென்று சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. விற்றவரின் கட்டைவிரல் ரேகை நேற்று வைத்ததுபோல் நீலமாக இருந்தது.

யாரும் கை தட்டவில்லை. நர்ஸ்களில் ஒருத்தி பாட ஆரம்பித்தாள், எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். ராகவன் வக்கீலுக்குப் பாட்டுத் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். சப் இன்ஸ்பெக்டர் பத்திரத்தை ஞானமுத்து அண்ணனிடம் நீட்டி, "இது ஒரிஜினல்தானா, நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றார். அண்ணன் கண்ணாடி போட்டுப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் சாட்சி என்ற இடத்தில் அவருடைய கையெழுத்தே இருந்தது. "என் கையெழுத்துதான்" என்றார். அதற்குமேல் சப் இன்ஸ்பெக்டருக்கு வேலை இல்லை. போகிற போக்கில் என்னைப் பார்த்து ஒரு சல்யூட் வைத்தார். விளையாட்டுக்குத்தான், ஆனால் நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

கமிட்டியில் சிலர் வேறு கல் வைக்கலாம் என்றார்கள். ஐயா என்னைப் பார்த்தார். இதே கல்லை இதே இடத்தில் வைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். அண்ணன் ஸ்கூட்டர்வரை போய், திரும்பி வந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று எல்லாரும் காத்திருந்தோம். ஒரு தடவை இருமிவிட்டு, கல்லைப் பார்த்தபடியே சொன்னார்: "சிமென்ட் நான் அனுப்பறேன். வைக்கறப்போ பேரு வெளிப்பக்கம் தெரியற மாதிரி வைங்க."

பத்திரம் இப்போது பாங்கு லாக்கரில், ஷீட் கழுவிக் காய்ந்து சின்னவளின் தொட்டிலில். ஆகவே தங்கள் சபைக்குக் காரியதரிசி தேடுகிறவர்களுக்கு என் யோசனை, தைரியசாலிகளைப் பாடகர் குழுவில் சேர்த்துவிட்டுச் சாவியை ஒரு பயந்தாங்கொள்ளியிடம் கொடுங்கள்.